ஹாலுக்கு வந்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இப்போது ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் இடவசதிக்காக அங்கே வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. ஆறு வருடம் அது என் மகளின் அறையில் ஜன்னலோரமாக இருந்தது. அதை ஹாலுக்குத் தூக்கி வந்தவன் நான். ஏன் தூக்கி வந்தேன் என்று எழுதினால் பாரம் குறையும் என்கிறாள் என் மனைவி. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆவூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். வேதக்காரர் ஊர், எல்லாரும் கத்தோலிக்கர்கள். வீட்டுக்கு ஒரு வாத்தியார் இருப்பார், இல்லாவிட்டால் வெளிநாட்டில் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் இரண்டும் உண்டு. நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார். என் தங்கை கத்தாரில் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறாள். வாத்தியார் வேலைக்கென்று ஒரு வியாதி உண்டு. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டால், திரும்பிப் பார்க்காமலே யார் என்று முடிவு கட்டிவிடுவோம். பாதி நாள் சரியாக இருக்கும். மீதி நாள் அடி வாங்கியவன் என்ன நினைத்தான் என்று இருபத்தைந்து வருடத்தில் நான் விசாரித்ததில்லை.

என் மகள் பிளஸ் டூ படித்த வருடம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சொல்லும் சிலுவைப்பாதைப் புத்தகம் எல்லாம் கிழிந்துவிட்டது, புதிதாக அச்சடிக்க வேண்டும், பழைய கோப்பு பென் டிரைவில் இருக்கிறது, சார் கொஞ்சம் சரிபண்ணித் தர முடியுமா என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோயில் காரியம், அதுவும் சாமியாரே கேட்கிறார். இரண்டே நாளில் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் அதில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கந்தரகோலமாக இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்து வைத்தது. அந்த எழுத்துரு இப்போது யாரிடமும் இல்லை. இயேசு சிலுவை சுமந்த பாட்டைச் சொல்லும் பதினான்கு தலத்தையும் உட்கார்ந்து அடிக்க எனக்குப் பொறுமை கிடையாது. பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தேடினேன். ஒரு பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தான் இருந்தது, அமுக்கினேன். அது என்னென்னவோ கேட்டது. படிக்காமல் எல்லாவற்றுக்கும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனேன். மனைவியும் மகளும் அன்று அன்னவாசலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் சாயங்காலம் திரும்பும்போது பதினான்கு தலமும் நல்ல தமிழில் வந்திருந்தன. ஏதோ மலையைப் பெயர்த்தவன் மாதிரி மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள்தான் உட்கார்ந்து பிழை திருத்திக் கொடுத்தாள்.

புத்தகம் அச்சாகி வந்தது. முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லார் கையிலும் அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. சிலுவைப்பாதையில் கவனம் போனதோ இல்லையோ, எழுத்துப் பிழை எதுவும் இல்லையே என்பதில் போனது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை. பள்ளி வேலையாகக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எப்போதும் வரும் பக்கம் வரவில்லை. பேர் தெரியாத ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நின்றது. மூலையில் ஒரு படம் எழும்பியது. அரைகுறை உடையில் ஒரு பெண். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன், பேச வருகிறீர்களா என்று கீழே தமிழில் எழுதியிருந்தது. அதை மூடினால் இன்னொன்று வந்தது. அது முந்தினதைவிட மோசம். சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஆசிரியர் அறையில் ஒரு கணக்கு வாத்தியார் அடிக்கடி சொல்லுவார்: நெட்டில் நாம் எதைத் தேடுகிறோமோ அதுதான் விளம்பரமாகத் துரத்திக்கொண்டு வரும் என்று. அவர் டிராக்டர் டயர் தேடினார், ஒரு மாதம் டயராகவே வந்ததாம். அந்தப் பேச்சு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். மனைவி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். நான் அப்படி எதையும் தேடவில்லை. மீதி ஒருத்திதான்.

இன்னும் ஒரு காரியம் செய்தேன். பிரவுசரில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திறந்தது என்ற பட்டியல் இருக்கும், அதை எடுத்துப் பார்த்தேன். அவள் பழைய வினாத்தாள் தேடிய அதே நேரங்களில் இந்தக் கேடுகெட்ட முகவரிகளும் வரிசையாக இருந்தன. கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகவே நினைத்தேன். அவளுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ. கோயில் பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவள். இனி அவளைப் பழையபடி பார்க்க என்னால் முடியுமா என்பதுதான் அன்றைக்கு என் கவலை. அவளுக்கும் என்னைப் பற்றி ஒரு கவலை இருக்கக்கூடும் என்று புத்தியில் படவே இல்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

“அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.”

நான் கேட்கமாட்டேன் என்றேன். பொம்பளைப் பிள்ளையிடம் ஒரு அப்பன் எப்படி இதைக் கேட்பது என்றேன். அதோடு பரீட்சை நேரம், பிள்ளையைக் கலைக்கக் கூடாது, முடியட்டும் என்றேன். உண்மையைச் சொன்னால், கேட்காமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தேன், பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விட்டேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு அப்படித்தான் இருக்கும் என்று அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

கடைசிப் பரீட்சை அன்று மதியம் அவள் வருவதற்குள் கம்ப்யூட்டரை மேசையோடு ஹாலுக்குக் கொண்டுவந்தேன். நெட் ஒயரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். ஹாலைப் பார்த்தாள், தன் அறையைப் போய்ப் பார்த்தாள், திரும்பி வந்து ஏன் என்று கேட்டாள். ஒனக்கே தெரியும் என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரிப்பா என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டாள். மறுபேச்சு இல்லை. அதையும் ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டேன்.

தவக்காலத்தின் கடைசியில் வரும் பெரிய வாரத்தில் புதன்கிழமை எங்கள் கோயிலில் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற நாள். பக்கத்துப் பங்குகளிலிருந்தும் சாமியார்கள் வந்து ஆளுக்கொரு மூலையில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். உள்ளூர்ச் சாமியாரிடம் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் வெளியூர்ச் சாமியாரின் வரிசையில் நிற்பார்கள். இது ஊருக்கே தெரிந்த ஏற்பாடு, இதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. அன்று கோயிலுக்குப் போகும் வழியில்தான் மகளிடம் இதைச் சொன்னேன்.

“நீ என்ன பாத்தே, ஏது பாத்தேன்னு நான் கேக்கல ஆத்தா. சாமிகிட்ட சொல்லிரு. நம்ம சாமிகிட்டயே போ.”

நம்ம சாமியிடமே போ என்று ஏன் சொன்னேன்? அவர் நல்லவர், பக்குவமாகப் புத்தி சொல்லுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்குக் கொஞ்சம் வெட்கம் வரட்டும் என்றும் உள்ளே ஒரு எண்ணம் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது.

அவள் உள்ளூர் வரிசையில் நின்றாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கையில் செபமாலையை உருட்டிக்கொண்டு அவளையே பார்த்திருந்தேன். மற்ற பிள்ளைகள் இரண்டு நிமிஷத்தில் எழுந்து போனார்கள். இவள் மட்டும் முழங்காலில் நெடுநேரம் இருந்தாள். எழுந்து வரும்போது முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெரிய வெள்ளி. எங்களுக்கு ஒருசந்தி விரதம், கத்தாரில் தங்கைக்கு வாராந்திர விடுமுறை. காலையில் போனில் வந்தாள். அவளுடைய பட்டச் சான்றிதழின் நகல் எங்கள் கம்ப்யூட்டரில் கிடந்தது, அவசரமாக அனுப்பச் சொன்னாள். பீரோவைத் திறந்து ஒயரை எடுத்து மாட்டினேன். மனைவியும் மகளும் கோயில் கூட்டிக் கழுவப் போயிருந்தார்கள். பிரவுசரைத் திறந்ததும் அதே பெண் மூலையில் வந்து நின்றாள். பெரிய வெள்ளியும் அதுவுமாக. நான் வாய்விட்டுத் திட்டிவிட்டேன். தங்கை என்ன என்று கேட்டாள். முதலில் மழுப்பினேன். அவள் விடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் கொட்டினேன், பிள்ளையைச் சாமியாரிடம் அனுப்பியதுவரை.

தங்கை வீடியோவைப் போட்டுத் திரையைக் காட்டச் சொன்னாள். போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்தேன்.

“அண்ணே, இது யாரும் பாத்ததுனால வாரது இல்ல. வேற எதையோ எறக்கும்போது கூடவே உள்ள வந்து ஒக்காந்துக்கிரும். நீங்க எதத் தேடுனாலும் அதுவா அங்கிட்டு இழுத்துக்கிட்டுப் போகும்.”

பட்டியலில் இருந்த முகவரிகளைச் சொன்னேன். அதுவும் அப்படித்தான், வினாத்தாள் தேடினாலும் இடையில் அந்தப் பக்கங்களைத் திறந்துவிட்டுத்தான் போகும் என்றாள். கண்ட்ரோல் பேனலைத் திறக்கச் சொன்னாள். கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கும் மென்பொருள்கள் வரிசையாக வந்தன. அவற்றை ஏற்றிய தேதிப்படி அடுக்கச் சொன்னாள். அடுக்கினேன். தெரியாத பேரில் இரண்டு இருந்தன, ஒன்று தேடலுக்கு உதவுவதாம், இன்னொன்று தள்ளுபடிக் கூப்பன் காட்டுவதாம். இரண்டும் ஒரே நாளில் ஏறியிருந்தன. அதே நாளில் மூன்றாவதாக ஒன்றும் ஏறியிருந்தது. அது பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்றும் மென்பொருள்.

தேதியைப் படித்துச் சொல்லுங்கள் என்றாள் தங்கை. அது அன்னவாசல் கல்யாணத்து நாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி செய்தேன். மூன்றையும் ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்தேன். ஒன்று போகமாட்டேன் என்று அடம் பிடித்தது, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகு போனது. பிரவுசருக்குள் ஒட்டிக்கொண்டிருந்த எக்ஸ்டென்ஷன்களை நீக்கினேன். எந்தெந்தப் பக்கம் நமக்கு அறிவிப்பு அனுப்பலாம் என்று ஒரு இடம் இருக்கிறது, அதில் நான் என்றைக்கோ அனுமதி கொடுத்திருந்த ஏழெட்டு முகவரிகளை அழித்தேன். டெஸ்க்டாப்பில் இருந்த பிரவுசர் படத்தின் பின்னாலேயே அந்தத் தேடல் பக்கத்தின் முகவரி ஒட்டியிருந்தது, அதையும் வெட்டினேன். கடைசியாக பிரவுசரை ரீசெட் செய்து, வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. திறந்து பார்த்தேன். பழைய வெள்ளைப் பக்கம் வந்தது. மூலையில் யாரும் இல்லை.

தங்கை வைப்பதற்கு முன்னால், பிள்ளைகிட்ட பேசுங்கண்ணே என்றாள். சரி என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

மகள் கோயிலிலிருந்து ஈரப் பாவாடையோடு வந்தாள். மூன்றையும் நீக்குவதற்கு முன்னால் அந்த மென்பொருள் பட்டியலைத் தேதியோடு சாட்சிக்கென்று போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அவளை உட்காரவைத்து அதைக் காட்டினேன். பச்சைப் பொத்தான், கல்யாணத்து நாள், சிலுவைப்பாதைப் புத்தகம் எல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது, ஒன்மேல பழி போட்டுட்டேன் ஆத்தா, மன்னிச்சுக்க என்றேன். என் வாழ்க்கையில் நான் பெற்ற பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கோபப்படுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் போட்டோவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நீங்க பாக்கலையாப்பா?” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். அந்தப் படங்கள் நான் பார்ப்பதற்கு முன்பே அவள் கண்ணில் பட்டிருக்கின்றன. தேடியதுதான் திரும்ப வரும் என்று அவளுக்கும் பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். அவள் எதையும் தேடவில்லை. மீதி ஒருவர்தான். நான் போட்ட அதே கணக்கை அவளும் போட்டிருக்கிறாள். அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, அம்மா அறைக்குள் வரும்போதெல்லாம் ஓடிவந்து மூடியிருக்கிறாள். கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்தபோது, அப்பா தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளத்தான் அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று நினைத்தாளாம்.

“கோயிலுக்குப் போறப்பத்தான் புரிஞ்சுச்சு. நீங்க செஞ்சத எம்மேல போடுறீங்கன்னு நெனச்சேன்.”

சாமியாரிடம் என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. அவளாகவே சொன்னாள்.

“நான்தான் பாத்தேன்னு சொல்லிட்டேன்ப்பா. நம்ம சாமிகிட்டயே போன்னீங்கல்ல, நீங்க முன்னாடியே அவருகிட்ட சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். இல்லன்னு சொன்னா, பெறகு வீட்டுல யாருன்னு சாமி நெனப்பாரு.”

அவளுக்கு அப்போதும் கண்ணில் தண்ணீர் வரவில்லை. எனக்குத்தான் வந்தது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் எழுந்து என் தோளைத் தொட்டு, விடுங்கப்பா, நானும் ஒங்கள கேட்டுருக்கலாம் என்றாள். அவள் கேட்டிருக்க வேண்டியதில்லை. நான்தான் கேட்டிருக்க வேண்டும். மூன்று வாரமும் அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை கோயிலில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சாமியாரிடம் போய் முழங்காலில் நின்றேன். என் பாவத்தைச் சொன்னேன். அதோடு, என் மகள் புதன்கிழமை உங்களிடம் சொன்னது உண்மை இல்லை, அவள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அடுத்தவங்களப் பத்தி இங்க பேச்சு வேணாம் சார். யாரு என்ன சொன்னாங்கன்னு எனக்கும் பேச முடியாது. ஒங்களோடத மட்டும் சொல்லுங்க.”

அவர் சொன்னது சரிதான், அதுதான் முறை. ஆனால் நான் போனதே அதைச் சொல்லத்தான். கம்ப்யூட்டரில் ஏறியதை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். என் மகள் தன்மேல் ஏற்றிக்கொண்டதை எடுக்க அங்கே இடம் இல்லை. அவளே திரும்பப் போய், நான் பொய் சொன்னேன் என்று சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொன்னால் யாருக்காகப் பொய் சொன்னாய் என்ற கேள்வி வரும். அவள் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். சாமியார் எனக்கு அபராதமாக ஒரு சிலுவைப்பாதை சொல்லச் சொன்னார். பெஞ்சிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். நான் போட்ட புத்தகம். முதல் தலமே குற்றம் இல்லாதவருக்குத் தீர்ப்பு எழுதுகிற இடம். அதைத் தாண்ட எனக்கு வெகுநேரம் பிடித்தது.

ஈஸ்டர் பூசையில் பாட்டுக் குழுவின் முதல் வரிசையில் அவள் இல்லை. பின்வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று பாடினாள், சாமியார் நிற்கும் பீடத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில். தொண்டை சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னாளாம். ஜூன் மாதம் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்த பிறகு பாட்டுக் குழுவையே விட்டுவிட்டாள். பஸ்ஸில் போய்வர நேரமில்லை என்கிறாள், அதுவும் உண்மையாகவே இருக்கலாம்.

கம்ப்யூட்டரை அவள் அறைக்கே திரும்பக் கொண்டுபோக நான் இரண்டு தடவை கையை வைத்தேன். இரண்டு தடவையும் வேண்டாம்ப்பா, இங்கயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். என்னிடம் நன்றாகப் பேசுகிறாள், கல்லூரிக் கதை சொல்லிச் சிரிக்கிறாள், எனக்கு மாத்திரை எடுத்து வைக்கிறாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு வருடம் கேட்காமல் தொட்ட கம்ப்யூட்டர் அது. இப்போது ஏதாவது வேலை என்றால் ஹாலுக்கு வந்து என் பக்கத்தில் நிற்கிறாள். கொஞ்சம் கம்ப்யூட்டர் பாத்துக்கிறவாப்பா என்று கேட்கிறாள். பாரு ஆத்தா, இதுக்கெல்லாம் என்ன கேட்டுக்கிட்டு என்கிறேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, உட்காருவதற்கு முன்னால், நான் இருக்கும் நாற்காலியிலிருந்து நன்றாகத் தெரியும்படி திரையைத் திருப்பி வைக்கிறாள்.